பைத்தான் மாநாட்டில் தமிழ் உரை பற்றி 25 நிமிடம் பேச வேண்டும், துறை எனக்குப் புதிது. எங்கிருந்து தொடங்குவது?

கொள்ளிடம்:

எல்லோருக்கும் வணக்கம். "பைத்தானில் தமிழ் உரை: எண்ணுவது, வெட்டுவது, வரிசைப்படுத்துவது" என்ற தலைப்பில் நான் அனுப்பிய முன்மொழிவு ஒரு பைத்தான் மாநாட்டில் ஏற்கப்பட்டிருக்கிறது. 20 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேள்வி. கையில் ஆறு வாரம் இருக்கிறது. தமிழில்தான் பேசப்போகிறேன்.

பைத்தானும் டேட்டாபேஸும் எனக்கு அன்றாட வேலை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் உள்ளே எப்படி இயங்குகிறது, தமிழ் எழுத்தை அது எப்படிப் பிரித்து வைக்கிறது என்பதையெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். படிக்கப் படிக்க விரிந்துகொண்டே போகிறது. இப்போதைக்கு வரைவு இப்படி: தமிழ்க் குறியாக்க வரலாறு 6 நிமிடம், யூடிஎஃப்-8 (யூனிகோட் எண்ணை பைட்டுகளாக எழுதும் முறை) விளக்கம் 5, நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒன்றாக்குவது) 4, ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் தேடப் பயன்படும் வடிவ விதி) 3, மொழி மாதிரிகள் 2.

மூன்று சந்தேகங்கள். எவ்வளவு ஆழம் படித்துவிட்டு நிறுத்தலாம்? மேடையில் நிரலை நேரடியாக ஓட்டலாமா? தமிழ்க் கணிமையில் பல ஆண்டு ஊறியவர்கள் அரங்கில் இருப்பார்கள், அவர்கள் கேட்கும் கேள்விக்கு எப்படித் தயாராவது?

அகரவரிசை:

வரைவைத் தலைகீழாப் போடுங்க. இப்போ முதல் 11 நிமிஷம் வரலாறும் பைட் கணக்கும் போயிடுது, பைத்தான் 12ஆவது நிமிஷத்துலதான் வருது. உங்க முன்னாடி உட்காந்திருக்கிறவங்க ஏதோ ஒரு தமிழ் நிரல் உடைஞ்சதுக்குக் காரணம் தேடி வந்தவங்க. உடைப்பைக் காட்டிட்டு அப்புறம் காரணத்துக்குப் போங்க. உங்களுக்கும் படிப்பு அந்த வழியில போனாத்தான் எல்லைக்குள்ள நிக்கும். ஓட்டிக் காட்ட முடியுறதை மட்டும் பேசுங்க, அதுக்குக் காரணம் சொல்லத் தேவையான அளவு படிங்க. ஆறு வாரத்துல அவ்வளவுதான் முடியும், 20 நிமிஷத்துக்கு அது தாராளம்.

ஆரம்பத்துக்கு ஒரே சொல் போதும்: தமிழ். நீளம் சொல்ற லென் கொடுத்தா 5. யூடிஎஃப்-8 ஆ மாத்திட்டு லென் கொடுத்தா 15. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட கேட்டா 3. மூணும் சரிதான், ஒவ்வொண்ணும் வேற ஒண்ணை எண்ணுது. குறியோட எண்ணைச் சொல்ற ஆர்ட் ஃபங்ஷன்ல ஒவ்வொண்ணாப் போட்டா 2980, 2990, 3007, 2996, 3021 வரும். அதாவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. "மி"ங்கிறதுக்குத் தனி எண் கிடையாது, "ழ்"க்கும் கிடையாது. இந்த அஞ்சு எண்ணும் ஸ்லைடுல பெரிசா நிக்கட்டும். அதுக்கப்புறம் வர்ற எல்லா உடைப்பும் இதிலேர்ந்துதான் வருது, ஒவ்வொரு தடவையும் இந்த ஸ்லைடைக் கை காட்டினாப் போதும்.

அடுத்து வெட்டுறது. "தமிழ்"ஐ [::-1] போட்டுத் திருப்பினா முன்னாடி அநாதையா ஒரு புள்ளி, பின்னாலே ழி, ம, த. இகரக் குறி ம-வை விட்டு ழ மேல ஏறிடும். பார்க்க நல்லா இருக்கும், ஆனா நிஜ வேலையில யாரும் சொல்லைத் திருப்புறதில்லை. அதனால இதுக்கு 20 வினாடிக்கு மேல கொடுக்காதீங்க. நிஜமா நடக்குறது ரெண்டு. ஒண்ணு, தலைப்பெழுத்து. சுப்பிரமணியன்கிற பேர்ல [0] எடுத்தா "ச" வரும், நம்ம ஊர்ல அவர் "சு." தான். ரெண்டாவது, நீளம் கருதி வெட்டுறது. "கோயில்"ஐ [:5] வெட்டினா "கோயில"ன்னு நிக்கும். உடைஞ்ச குறி எதுவும் திரையில தெரியாது, யாரோ எழுத்துப்பிழை விட்ட மாதிரி இருக்கும். இந்த ரகம் சோதனையில மாட்டாம நேரா வாடிக்கையாளர் கண்ணுல போய் நிக்கும். அதனால மேடையில அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

மூணாவது ரெகுலர் எக்ஸ்பிரஷன். இதுக்கு நீங்க ஒதுக்கின 3 நிமிஷம் பத்தாது, உரையோட நடு இதுதான். பைத்தானோட ரீ மாட்யூல்ல பின்சாய்கோடு போட்ட டபிள்யூ எழுத்தையும் எண்ணையும் பிடிக்கும், ஆனா உயிர்க்குறியையும் புள்ளியையும் பிடிக்காது. யூனிகோட் வகைப்பாட்டுல அதெல்லாம் எழுத்து இல்ல, ஒட்டுக்குறி. அதனால "தமிழ்" ரெண்டு துண்டா வரும்: தம, ழ. இதுக்கு மேல சைக்கிட்-லேர்ன் லைப்ரரியில சொல் எண்ணுற கவுண்ட்வெக்டரைசரைத் தொட்டா, சொல்லைப் பிரிக்கிற அதோட இயல்பான டோக்கன் விதி ரெண்டு எழுத்துக்குக் குறைஞ்சதைத் தூக்கி எறியும். மிச்சம் "தம" மட்டும். அதே விதியில "அம்மா" உள்ளே போனா "அம" வெளியே வரும். "அமைதி" போனாலும் "அம" தான் வரும். அம்மாவும் அமைதியும் ஒரே சொல்லாகி எண்ணிக்கை கூடியிருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. இந்த ஒரு ஸ்லைடுக்காகவே உரை கேட்கலாம்.

தீர்வு: ரீ-க்குப் பதிலா ரீஜெக்ஸ்னு தனியா இருக்கிற மாட்யூலைப் போடுங்க. அதுல டபிள்யூ ஒட்டுக்குறியையும் சேர்த்துக்கும். அதுலயே பின்சாய்கோடு பெரிய எக்ஸ் போட்டா த, மி, ழ்னு மூணாப் பிரியும். இதோட சேர்த்து ஒரு முரணையும் காட்டுங்க: இஸ்ஆல்ஃபா "தமிழ்"க்கு பொய்னு சொல்லும், இஸ்ஐடென்டிஃபையர் மெய்னு சொல்லும். அதாவது "தமிழ்"னு ஒரு மாறிக்குப் பேர் வைக்கப் பைத்தான் விடும், ஆனா அது எழுத்தால ஆனதான்னு கேட்டா இல்லைன்னு சொல்லும். பேர் சரிபார்க்க இஸ்ஆல்ஃபா போட்டு வெச்சிருக்கிற படிவம் எல்லாம் தமிழ்ப் பேரைத் திருப்பி அனுப்புறது இதனாலதான்.

மொழி மாதிரிகள் பத்தின 2 நிமிஷத்தை எடுத்துடுங்க. அதைத் தொட்டா கேள்வி நேரம் முழுக்க அங்கேயே போயிடும்.

இன்னொண்ணு, டேட்டாபேஸ் உங்க கை வேலைன்னு சொன்னீங்க. அதை உள்ளே கொண்டு வாங்க. புதுத் துறையில பேசுறப்போ சொந்தத் துறையிலேர்ந்து ஒரு கால் ஊணிக்கிறது பலம். மீனாட்சிசுந்தரம்: படிக்கிறவருக்கு 9 எழுத்து, லென் 16, யூடிஎஃப்-8 பைட் 48. ஆரக்கிள்ல இயல்பான அமைப்புல வார்கேர்2 நெடுவரிசைக்கு 30 கொடுத்தா அது 30 பைட், தமிழுக்கு 10 குறியெண் (லென் எண்ணுறது இதைத்தான்) மட்டும் கொள்ளும். போஸ்ட்கிரஸ்ல 30 கொடுத்தா 30 குறியெண். ஒரே பேர் ஒரு இடத்துல உள்ளே போகும், இன்னொரு இடத்துல வெளியே நிக்கும். முதல் ஸ்லைடுல சொன்ன "மூணு நீளம்" இங்கே வந்து காசு கேட்கும்.

எழுத்துரு:

அகரவரிசை சொன்ன உள்ளடக்கத்தோடு உடன்படுகிறேன். நான் மேடையை மட்டும் சொல்கிறேன், தமிழ் உரை பற்றிய பேச்சில் முதலில் உடைவது மேடைதான்.

டெர்மினலில் எதையும் காட்டாதீர்கள். பெரும்பாலான டெர்மினல்கள் ஒரு குறியெண்ணுக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போடுகின்றன. எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் நிற்கும், கால் தள்ளி நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காரும். நிரல் சரியாக ஓடி, திரை மட்டும் தப்பாகக் காட்டும். அரங்கிலிருப்பவர் அதையே பைத்தானின் பிழை என்று எடுத்துக்கொள்வார். ஜுப்பிட்டர் நோட்புக்கை பிரவுசரில் திறந்து காட்டுங்கள். பிரவுசர் எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துக் காட்டும்.

நேரடியாக ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் கட்டங்களையும் முன்பே ஓட்டி, வெளியீட்டோடு சேமித்த நோட்புக்கைத் திறந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் மேடையில் ஓட்டுங்கள். அரங்கில் ஒருவரிடம் ஒரு சொல் கேட்டு அதன் மூன்று நீளத்தையும் காட்டலாம். மேடையில் தமிழைத் தட்டச்சு செய்வதாக இருந்தால் விசைப்பலகையை மாற்றும் குறுக்குவிசை கையில் பழகியிருக்க வேண்டும். தமிழ் விசையிலேயே விட்டுவிட்டு அடுத்த கட்டத்தில் லென் என்று அடிக்கப்போய் நான்கைந்து வினாடி திணறுவது வழக்கமாக நடக்கிறது. மாற்றாக, பத்துச் சொற்களை ஒரு பட்டியலாக முதல் கட்டத்திலேயே வைத்துவிட்டு வரிசை எண்ணால் எடுங்கள்.

முதல் கட்டத்தில் பைத்தானின் பதிப்பு, ரீஜெக்ஸின் பதிப்பு, யூனிகோட்டேட்டா மாட்யூல் சொல்லும் யூனிகோட் பதிப்பு மூன்றையும் அச்சிட்டு வையுங்கள். யாராவது "எனக்கு வேறு விடை வருகிறதே" என்றால் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

எழுத்துரு விஷயம். மாநாட்டுக் கணினியில் உங்கள் ஸ்லைடைத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் நோட்டோ சான்ஸ் தமிழில் செய்திருப்பீர்கள், அங்கே அது இருக்காது. விண்டோஸ் என்றால் நிர்மலா யூஐக்கோ லதாவுக்கோ தாவும், அகலம் மாறும், வரி மடிந்து கடைசிச் சொல் பெட்டிக்கு வெளியே விழும். பிடிஎஃப் ஆக்கி எழுத்துருவை உள்ளே பதித்து எடுத்துச் செல்லுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள், பதிக்கப்பட்டது என்று இருக்க வேண்டும். அதன் பிறகும் கொ, கோ, கௌ, ஸ்ரீ வரும் ஸ்லைடுகளைக் கண்ணால் பாருங்கள்.

ஆங்கில ஸ்லைடுக்குச் சொல்லும் அளவுகள் தமிழுக்குப் போதாது. 24 பாயின்ட் அளவில் பின்வரிசைக்குப் புள்ளி தெரியாது, ப-வும் ப்-உம் ஒன்றுபோல் இருக்கும். உங்கள் பேச்சே புள்ளி தொலைவதைப் பற்றியது. எடுத்துக்காட்டுச் சொற்களை 60 பாயின்ட்டுக்கு மேல் வையுங்கள், மற்ற வரிகள் 32. வரி இடைவெளி 1.3 மடங்காவது வேண்டும், இல்லையென்றால் மேல் வரியின் ரூ, ழு போன்றவற்றின் வால் கீழ்வரியின் புள்ளியைத் தொடும். தடித்த எழுத்தைத் தவிருங்கள், இ, ஞ, ஜ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஒட்டுக்குறியைத் தனித்துக் காட்ட நிறம் மாற்ற நினைப்பீர்கள். "மி"யில் இகரக் குறிக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால் சில மென்பொருள்கள் அதை ம-விலிருந்து பிரித்துப் புள்ளி வட்டத்தோடு காட்டும். நிறம் வேண்டாம். கீழே ஐந்து கட்டம் வரைந்து ஒவ்வொன்றிலும் ஒரு குறியும் அதன் எண்ணும் எழுதினால் போதும்.

படத்தில் தமிழ் எழுத்தை நிரலால் வரைவதாக இருந்தால், பில்லோ லைப்ரரி ரேக்ம் என்ற துணை லைப்ரரியோடு நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் "கொ" என்று வரைந்தால் க முதலில் வரும், கொம்பும் காலும் அதன் பின்னால் வரும்.

குற்றியலுகரம்:

வரலாற்றை முழுக்க வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. உடைப்புக்குக் காரணமான வரலாறு ஒரு துண்டு இருக்கிறது, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் 1991இல் தமிழைச் சேர்த்தபோது எடுத்துக்கொண்ட அடுக்கு இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி அமைப்பு. எல்லா இந்திய எழுத்துகளையும் தேவநாகரியின் வரிசைக்கு நேர்நேராக வைத்தார்கள். யூனிகோட்டின் தமிழ்ப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள். 2944 முதல் 3071 வரை 128 இடம், ஒரே தாளில் அடங்கும். க 2965, அடுத்த ங 2969. நடுவில் மூன்று இடம் காலி. தேவநாகரியில் அந்த மூன்று இடத்திலும் ககரத்தின் மற்ற மூன்று ஒலிகள் இருக்கின்றன, நமக்கு அவை இல்லை. அதே காரணத்தால் ன-வை ந-வுக்குப் பக்கத்திலும், ற-வை ர-வுக்குப் பக்கத்திலும், ழ-வை ள-வுக்குப் பக்கத்திலும் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டு வரிசைப்படுத்தலுக்குப் போங்கள். ஆறு சொல் கொடுங்கள்: பனி, பகல், பழம், பக்கம், பவளம், பயிர். பைத்தானின் சார்ட்டட் தருவது: பகல், பக்கம், பனி, பயிர், பழம், பவளம். அகராதியில் இருப்பது: பக்கம், பகல், பயிர், பவளம், பழம், பனி. ஆறில் பழம் மட்டும்தான் தன் இடத்தில் இருக்கிறது, மற்ற ஐந்தும் இடம் மாறிவிட்டன. இரண்டு காரணம், இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ன, ழ இரண்டும் இஸ்கி வைத்த இடத்தில் நிற்பது ஒன்று. மற்றது புள்ளி. அதன் எண் 3021, எல்லா மெய்யையும் விடப் பெரியது. நம் மரபில் க் முதலில், க பிறகு. இங்கே க-வுக்குப் பின் புள்ளி வந்தால் அது எல்லாவற்றுக்கும் பின்னால் போகிறது.

தீர்வாகப் பைஐசியூ லைப்ரரியில் தமிழுக்கான கொலேட்டரை (மொழி மரபுப்படி வரிசைப்படுத்தும் கருவி) எடுத்து அதே ஆறு சொல்லைக் கொடுங்கள். வரும் வெளியீட்டை அகராதியைத் திறந்து வைத்து ஒப்பிட்ட பிறகே ஸ்லைடில் ஏற்றுங்கள். ஃ எங்கே வருகிறது, ஜ, ஷ, ஸ, ஹ எங்கே வருகின்றன என்பதற்கும் ஒரு சிறு பட்டியல் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள். பைஐசியூ நிறுவ ஐசியூ நூலகம் கணினியில் இருக்க வேண்டும். கடைசி வாரத்துக்கு இதைத் தள்ளி வைக்காதீர்கள்.

நார்மலைசேஷனில் ஒரு எச்சரிக்கை. "கொடு" என்பதில் ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் வரலாம் (3018), கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வரலாம் (3014, 3006). லென் 4 அல்லது 5. கண்ணுக்கு ஒன்று, சமமா என்று கேட்டால் இல்லை. என்எஃப்சி என்ற நார்மலைசேஷன் முறை இரண்டையும் ஒன்றாக்கும். பலர் இதோடு நிறுத்தி "என்எஃப்சி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறு. காலை முதலில் அடித்துக் கொம்பைப் பிறகு அடித்திருந்தால் என்எஃப்சி அதை மாற்றாது. ஔவையார் என்பதை ஒ, ள, வை என்று அடித்து ஒளவையார் ஆக்கியிருப்பதை மாற்றாது. அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, தேடலில் வேறு. பழைய தட்டச்சுப் பிரதிகளிலும் ஓசிஆர் செய்த (படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய) நூல்களிலும் இது ஏராளம். கௌ-வுக்கும் கெள-வுக்கும் அதே கதைதான். ஒ-வை அடுத்து ள வருவது "ஒளி"யில் நியாயமானது, எனவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றீடு போட முடியாது, சொல்பட்டியல் வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டால் யாராவது வீட்டுக்குப் போய் ஒளியை எல்லாம் ஔி என்று கெடுத்துவிடுவார்கள்.

கொள்ளிடம்:

மூவருக்கும் நன்றி. இரண்டு நாளாக எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன், எண்கள் எல்லாம் பொருந்துகின்றன. புதிய வரைவு: மூன்று நீளம் 4 நிமிடம், வெட்டுவது (டேட்டாபேஸோடு) 4, ரெகுலர் எக்ஸ்பிரஷன் 5, நார்மலைசேஷன் 3, வரிசை 4.

ஒரு சந்தேகம். பெரிய எக்ஸ் போட்டால் தமிழின் 247 எழுத்தும் சரியாகப் பிரியும் என்று ஸ்லைடில் எழுதியிருக்கிறேன். ஆனால் "க்ஷ" கொடுத்தால் இரண்டாக வருகிறது, "ஸ்ரீ"யும் இரண்டு. இது ரீஜெக்ஸின் பிழையா?

குற்றியலுகரம்:

பிழை இல்லை, விதியே அப்படி. யூனிகோட்டின் 29ஆம் இணைப்பில் உள்ள கிராஃபீம் கிளஸ்டர் (படிப்பவர் ஒரே எழுத்தாகக் காணும் தொகுதி) விதிப்படி புள்ளி முன்னெழுத்தோடு ஒட்டும், அடுத்த மெய் புதிதாகத் தொடங்கும். 2023இல் வந்த 15.1 பதிப்பு தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் கூட்டெழுத்தைப் பிரிக்காத விதி ஒன்றைச் சேர்த்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு அதுதான் பொருத்தம், "பக்கம்" என்பதில் க்-உம் க-வும் ஒரே எழுத்தாகச் சேர்ந்துவிட்டால் கணக்கே கெடும். எனவே ஸ்லைடில் உள்ள வரி 247 எழுத்துக்குச் சரி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. க்ஷ-வும் ஸ்ரீ-யும் அந்தக் கணக்கில் இல்லாதவை, ஒன்றாக எண்ண வேண்டும் என்றால் நிரலில் தனியாகச் சொல்ல வேண்டும். "247க்கும் சரி, க்ஷ, ஸ்ரீ இரண்டும் விலக்கு" என்று அதே ஸ்லைடில் எழுதிவிடுங்கள். விலக்கை நீங்களே எழுதி வைத்தால் அந்தக் கேள்விக்கு அங்கேயே விடை முடிந்தது.

ஸ்ரீ-க்கு இன்னொரு கண்ணி உண்டு. 2005இல் 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்ந்தது. அதற்கு முன் ஸ-வை வைத்து எழுதிய ஸ்ரீ, பின் ஶ-வை வைத்து எழுதும் ஶ்ரீ, இரண்டையும் பல எழுத்துருக்கள் ஒரே வடிவில் காட்டுகின்றன. என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. ஸ்ரீரங்கம் என்று தேடினால் பாதிப் பதிவுகள் வராமல் போக இது ஒரு காரணம். நார்மலைசேஷனில் சேர்க்க நேரம் இல்லை என்றால் கேள்விக்கான உபரி ஸ்லைடாக வையுங்கள்.

அகரவரிசை:

நேரக் கணக்கு கூட்டினா சரியா 20 வருது, அதுதான் சிக்கல். மைக் மாட்ட, திரை வர, யாராவது இருமினா நிக்க, எதுக்குமே இடமில்லை. 17க்குக் கொண்டு வாங்க. வரிசைப்படுத்துறதைக் கடைசியில வெச்சது சரி. 14ஆவது நிமிஷத்துல நார்மலைசேஷன் முடியலைன்னா வரிசையோட வரலாற்றுத் துண்டை விட்டுட்டு ஆறு சொல்லை மட்டும் காட்டி முடிச்சுடுங்க. எதை விடணும்னு இப்பவே முடிவு பண்ணி ஸ்லைடோட குறிப்புல எழுதி வைங்க. மேடையில நின்னு யோசிச்சா பெரும்பாலும் தப்பானதைத்தான் விடுவோம்.

ஒத்திகை குறைஞ்சது மூணு. ஒண்ணு தனியா, நின்னுக்கிட்டு, வாய்விட்டு, கடிகாரம் வெச்சு. மனசுக்குள்ளே ஓட்டிப் பார்க்கிறது நிஜத்தைவிட வேகமாத்தான் போகும், அதை நம்பாதீங்க. ரெண்டாவது, தமிழ் தெரிஞ்ச நிரல் தெரியாத ஒருத்தர் முன்னாடி, தமிழ் ஆசிரியர் கிடைச்சா நல்லது. மெய், உயிர்மெய், ஒற்று, தலைப்பெழுத்துன்னு நீங்க சொல்ற இடத்துல இலக்கணத் தப்பு இருந்தா அவர் பிடிப்பார். மூணாவது, நிரல் தெரிஞ்ச தமிழ் படிக்கத் தெரியாத ஒருத்தர் முன்னாடி. எண் கட்டத்தை மட்டும் பார்த்து அவருக்கு விஷயம் புரிஞ்சா ஸ்லைடு நல்லா இருக்குன்னு அர்த்தம்.

கேள்வி நேரம். மூணு கேள்வி வந்தே தீரும். முதல்ல "247க்கும் தனித்தனி எண் ஏன் கொடுக்கலை?" அதுக்கு டேஸ்16 பத்தி ரெண்டு வரி வெச்சுக்குங்க: ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற முறை அது, 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோட்டையும் டேஸ்16ஐயும் சேர்த்தே தரப்படுத்திச்சு, ஆனா டேஸ்16 யூனிகோட்டோட தனிப்பயன் பகுதியில இருக்கு. நல்லதா கெட்டதான்னு தீர்ப்புச் சொல்லாதீங்க, அந்த விவாதம் அஞ்சு நிமிஷத்துல அடங்காது.

ரெண்டாவது "விண்டோஸ்ல ஃபைல் படிச்சா பிழை வருதே?" இது உங்களுக்கு லட்டு மாதிரி. என்கோடிங் சொல்லாம ஃபைலைத் திறந்தா, ஆங்கில விண்டோஸ்ல பைத்தான் 1252ங்கிற குறியாக்கத்தைப் போட்டுக்கும். 3.15 பதிப்புலேர்ந்துதான் யூடிஎஃப்-8 இயல்பாகுது. புள்ளியோட மூணு பைட்டுல கடைசி பைட் 141. 1252ல அந்த இடம் காலி, அதனால முதல் புள்ளியைத் தாண்டாமலே டீகோட் பிழை அடிச்சு நிக்கும். திறக்குற வரியில என்கோடிங் யூடிஎஃப்-8னு எழுதினா முடிஞ்சது. எக்செல்ல திறக்கப்போற சிஎஸ்வியா இருந்தா எழுதுறப்போ யூடிஎஃப்-8-சிக் கொடுங்க, இல்லேன்னா அங்கே லத்தீன் குப்பையாத் தெரியும்.

மூணாவது நீங்க ஓட்டிப் பார்க்காத ஒண்ணா இருக்கும், சந்திப் பிரிப்பு, ஓசிஆர், டோக்கனைசர்னு எதுவோ. "அதை நான் ஓட்டிப் பார்க்கலை, உங்க எடுத்துக்காட்டைக் கொடுங்க, நோட்புக்ல சேர்த்துப் போடுறேன்"னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போங்க. ஊகிச்சு விடை சொல்லாதீங்க. அரங்குல அந்தத் துறை ஆள் இருந்தா அவரையே சொல்லச் சொல்லலாம், ஒரு நிமிஷம்னு கேட்டுக்கிட்டு.

கொள்ளிடம்:

17க்கு வெட்டிவிட்டேன். [::-1] போய்விட்டது, ஸ்ரீ உபரி ஸ்லைடில். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: ஸ்லைடில் "குறியெண்" என்று எழுதவா, "கோட் பாயின்ட்" என்றா?

எழுத்துரு:

முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் கடைசிவரை பயன்படுத்துங்கள். குறியெண் என்றால் எண் என்பதே சொல்லில் இருக்கிறது, 2980 என்று கட்டத்தில் காட்டும்போது தானாகப் பொருந்தும். "எழுத்து" என்ற சொல்லைத்தான் பார்த்துக் கையாளுங்கள். லென் 5 என்று வரும் இடத்தில் வாய் தவறி "ஐந்து எழுத்து" என்று சொல்லிவிட்டால் முதல் நான்கு நிமிடமும் வீண். ஸ்லைடுக் குறிப்புகளில் "எழுத்து" என்று தேடி, ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் சொல்ல வந்தது 3-ஆ 5-ஆ என்று பார்த்து மாற்றுங்கள்.